எழுதிய கையின் நோவு: அர்-ராஸியின் சாட்சியமும் கை பேணும் மரபும்

இஸ்லாமிய நாகரிகத்தின் அறிவுப் பணிகளைப் பற்றி எழுதும்போது நூல்களின் எண்ணிக்கையை முன்வைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இன்ன அறிஞர் இருநூறு நூல்கள் இயற்றினார், இன்ன நூலகத்தில் இத்தனை ஆயிரம் பிரதிகள் இருந்தன என்று பெருமிதத்தோடு கூறுகின்றோம். அந்நூல்களின் ஒவ்வொரு வரியும் ஒரு மனிதனின் விரல்களாலும் மணிக்கட்டாலும் எழுதப்பட்டது என்பதும், அவ்விரல்களுக்கு நோவு உண்டாகியிருக்கும் என்பதும் நம் நினைவுக்கு எளிதில் வருவதில்லை.

ஒரே அசைவை ஓயாது திரும்பத் திரும்பச் செய்வதால் கையின் தசைகளிலும் தசைநாண்களிலும் நரம்புகளிலும் ஏற்படும் நோவை இன்றைய மருத்துவர்கள் ‘ஆர்.எஸ்.ஐ.’ எனச் சுருக்கமாகக் குறிப்பிடுகின்றனர். இது கணினியும் கைப்பேசியும் கொண்டுவந்த புதிய நோய் என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் ரய் நகரில் வாழ்ந்த தலைசிறந்த மருத்துவர் ஒருவர், அளவுக்கு மீறி எழுதியதால் தம் கை பழுதுபட்டதைத் தாமே எழுத்தில் பதிவு செய்துள்ளார். அவர் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸி (ஹி. 251–313 / கி.பி. 865–925). அவருடைய அச்சாட்சியத்தையும், கையைப் பேணுவது குறித்து அவர் காலத்து மருத்துவமும் பிற்கால மருத்துவமும் கூறியவற்றையும், அவற்றுள் இன்று நம் வீடுகளில் பயன்படத்தக்கவை எவை என்பதையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

காகிதமும் வர்ராக்குகளும்

கி.பி. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் சமர்கந்திலும், அந்நூற்றாண்டின் இறுதியளவில் பக்தாதிலும் காகித உற்பத்தி வேரூன்றியது. தோலையும் பாப்பிரஸையும் விட மலிவான காகிதம் கிடைத்ததும் எழுதுவோரின் வேலை பன்மடங்காகப் பெருகியது. நூல்களைப் பிரதி செய்து விற்கும் ‘வர்ராக்’ என்னும் தொழிலினர் தனியொரு வகுப்பாக உருவாயினர். ஒன்பதாம் நூற்றாண்டின் புவியியலாளர் அல்-யஃகூபி, பக்தாதின் ஒரு பகுதியில் மட்டும் நூறுக்கு மேற்பட்ட வர்ராக்குகளின் கடைகள் இருந்ததாகக் குறிப்பிடுகின்றார்.

இக்காலத்து அறிஞர்களின் எழுத்துழைப்பு நம்மை வியக்க வைக்கும். இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் நாற்பது ஆண்டுகளாக நாளொன்றுக்கு நாற்பது தாள்கள் வீதம் எழுதி வந்ததாக அல்-கதீபுல் பக்தாதி பதிவு செய்துள்ளார். பக்தாதில் வாழ்ந்த கிறிஸ்தவ மெய்யியலாளர் யஹ்யா இப்னு அதீ (இ. 974) பிரதி எழுதியே வாழ்க்கை நடத்தியவர். ‘ஏன் இவ்வளவு எழுதுகிறீர்?’ எனக் கடிந்துகொண்ட நண்பர் இப்னுந் நதீமுக்கு, தபரீயின் தஃப்ஸீரைத் தம் கையால் இருமுறை முழுமையாகப் பிரதி செய்திருப்பதாகவும், ஓர் இரவும் பகலும் சேர்ந்த பொழுதில் நூறு தாள்கள் எழுதுவதாகவும் அவர் விடை கூறினார். தாமும் ஒரு வர்ராக்கான இப்னுந் நதீம், ஹி. 377இல் (கி.பி. 987) தொகுத்த ‘அல்-ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலில் இவ்வுரையாடலை எழுதி வைத்துள்ளார்.

நாணற்குச்சியைச் சீவிச் செய்த கலமே இவர்களின் எழுதுகோல். தரையில் அமர்ந்து, ஒரு முழங்காலை உயர்த்தி, அதன் மேல் தாளை வைத்து எழுதுவது பரவலான வழக்கமாயிருந்தது. விரல்கள் மெல்லிய கலத்தை இறுகப் பற்றியிருக்க, மணிக்கட்டு சிறிய அசைவுகளை மணிக்கணக்கில் இடையறாது செய்தாக வேண்டும். உடற்கூற்று நோக்கில் பார்த்தால், இன்று விசைப்பலகையின் முன்னால் அமர்ந்திருப்பவரின் கைக்கு நேர்வதும் பெரும்பாலும் இதுவேயாகும்.

அர்-ராஸியின் சாட்சியம்

அர்-ராஸி ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்தவர். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி விளக்கிய அவருடைய நூல் உலக மருத்துவ வரலாற்றில் நிலையான இடம் பெற்றுள்ளது. மெய்யியலில் அவர் கொண்டிருந்த கருத்துகள் சில அவர் காலத்திலேயே கடும் மறுப்புக்குள்ளாயின. அவ்விவாதங்களுக்குள் நாம் இங்கு நுழையவில்லை. எனினும் நமக்குத் தேவையான சாட்சியம், அத்தகைய விமரிசனம் ஒன்றுக்குப் பதிலாக அவர் எழுதிய ‘அஸ்-ஸீரத்துல் ஃபல்ஸஃபிய்யா’ என்னும் சிறுநூலில்தான் காணப்படுகின்றது. இந்நூலை பால் கிரவுஸ் என்னும் ஆய்வாளர் 1939இல் கெய்ரோவில் வெளியிட்ட தொகுப்பின் வழியாக இன்றும் படிக்கலாம்.

மெய்யியலாளர் எனத் தம்மைக் கூறிக்கொள்பவர் மக்களோடு கலந்து, பொருளீட்டி, இயல்பாக வாழ்கின்றாரே, சோக்ரதீஸின் துறவு வாழ்வு எங்கே என்று எதிரிகள் கேட்டனர். சோக்ரதீஸும் தம் வாழ்வின் பிற்பகுதியில் மிதமான வழிக்கே வந்தார் என அர்-ராஸி விடையளிக்கின்றார். உடலைத் தேவையின்றி வருத்துவது முறையன்று, இன்பங்களில் மூழ்குவதும் முறையன்று, இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட வாழ்வே அறிஞனுக்கு ஏற்றது என்பது அவருடைய வாதம்.

அதன் பின்னர், தம் அறிவு வேட்கைக்குச் சான்று காட்டுகின்றார். இளமை முதலே கல்வியில் மூழ்கியிருந்ததாகவும், படிக்காத ஒரு நூலோ சந்திக்காத ஓர் அறிஞரோ எதிர்ப்பட்டால் பெரும் இழப்பு நேரினும் மற்ற அலுவல்களை ஒதுக்கிவிடுவதாகவும் கூறுகின்றார். தாயத்து எழுதுவோரின் எழுத்தைப் போன்ற எழுத்தில், ஒரே ஆண்டில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்களை எழுதியதாகத் தெரிவிக்கின்றார். ‘அல்-ஜாமிஉல் கபீர்’ என்னும் பெருந்தொகுப்புக்காகப் பதினைந்து ஆண்டுகள் இரவு பகலாக உழைத்தமையால் பார்வை மங்கியதாகவும், கைத்தசையில் பழுது ஏற்பட்டதாகவும், அவ்விரண்டும் இப்போது தம்மைப் படிக்கவும் எழுதவும் விடாமல் தடுப்பதாகவும் கூறுகின்றார். ஆயினும் முயற்சியைக் கைவிடாமல், படித்துக் காட்டவும் எழுதித் தரவும் பிறரின் உதவியை நாடுவதாக அப்பகுதியை முடிக்கின்றார்.

இருபதாயிரம் தாள்கள் என்பதைச் சந்திர ஆண்டின் 354 நாள்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 56 தாள்களுக்கு மேல் வருகின்றது. அவர் கூறிய எண் தோராயமானதாக இருப்பினும் உழைப்பின் அளவு தெளிவாகவே புலப்படுகின்றது. அதுவும் தாயத்துகளுக்குரிய எழுத்து என்றால், சின்னஞ்சிறு எழுத்து என்றே பொருள் கொள்ளத் தோன்றுகின்றது. எழுத்து சிறுக்கச் சிறுக்க விரல்களின் இறுக்கம் கூடும் என்பது எழுதிப் பழகியோர் அறிந்ததே.

கைக்கு நேர்ந்ததைக் குறிக்க அர்-ராஸி கையாளும் சொல் ‘ஃபஸ்க்’ என்பதாகும். பிரிவு, கிழிவு என்னும் பொருளில் அக்கால மருத்துவர்கள் இதனைத் தசைக்காயங்களுக்கு வழங்கினர். இவ்வொரு சொல்லை வைத்துக்கொண்டு அவருக்கு இருந்தது தசைநாண் அழற்சியா, நரம்பு அழுத்தமா, எழுத்தரின் கைப்பிடிப்பா என்று இன்றைய நோய்ப்பெயர் ஒன்றைச் சூட்டுவது பொருந்தாது. ஆனால் மூன்று செய்திகள் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகின்றன. நோவு எழுதும் கையில் இருந்தது. நீண்டகால எழுத்துழைப்பே அதன் காரணம் என ஒரு தேர்ந்த மருத்துவரே கருதினார். எழுத முடியாத நிலை வரும்வரை அவர் நிறுத்தவில்லை.

இங்கே ஒரு முரண்பாடு நம் கவனத்தை ஈர்க்கின்றது. உணவிலும் இன்பத்திலும் துறவிலும் மிதத்தை வற்புறுத்தும் அதே நூலில்தான், எழுத்தில் தாம் மிதத்தை மீறியதை அர்-ராஸி தகுதிச் சான்றாக முன்வைக்கின்றார். பழுதுபட்ட கை அங்கே ஊக்கத்தின் அத்தாட்சியாக நிற்கின்றது. தம் நோயாளியொருவர் இவ்வாறு கூறியிருந்தால் அம்மருத்துவர் ஏற்றிருப்பாரா என்று கேட்கத் தோன்றுகின்றது.

வரலாற்றாசிரியர்கள் மறந்த கை

அர்-ராஸியின் வாழ்க்கையைப் பின்னர் எழுதியோர் அவருடைய கண்களைப் பற்றி நிறையப் பேசினர். அவரை எப்போது காணச் சென்றாலும் வரைவு எழுதுவதிலோ படியெடுப்பதிலோ ஈடுபட்டிருப்பதையே கண்டதாக ரய் நகர முதியவர் ஒருவர் கூறியதை இப்னுந் நதீம் எடுத்துரைக்கின்றார். கூடவே, அவரை அவரை மிகுதியாக உண்டதால் கண்களில் ஈரம் சேர்ந்து இறுதியில் பார்வை இழந்தார் எனவும் எழுதுகின்றார். அர்-ராஸியின் 184 நூல்களைப் பட்டியலிட்ட அல்-பிரூனி, விளக்கைச் சுவர் மாடத்தில் வைத்து, புத்தகத்தைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தபடி அவர் படிப்பார் என்றும், உறக்கம் மேலிட்டால் நூல் கையிலிருந்து விழுந்து எழுப்பிவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம் என்றும் தெரிவிக்கின்றார். ஓர் ஆட்சியாளர் சினந்து அடித்ததால் கண் போயிற்று என்னும் கதையும் பிற்காலத்தில் வழங்கலாயிற்று.

கண்ணுக்கு இத்தனை காரணங்கள் தேடியோர் கையைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் கூறவில்லை. பார்வையிழப்பு பெருந்துன்பமாதலால் அது நினைவில் நின்றதில் வியப்பில்லை. கைநோவோ கண்ணுக்குப் புலப்படாதது. வீக்கமும் காயமும் இன்றியே அது ஒருவரை வேலையிலிருந்து விலக்கிவிடக்கூடியது. இந்நோவை மற்றவர்கள் நம்ப மறுத்த கதை பிற்கால வரலாற்றிலும் தொடர்வதைக் காண்போம்.

மருத்துவர் இல்லாத வீட்டுக்கு

அர்-ராஸி வீட்டு மருத்துவத்தைப் புறக்கணித்தவர் அல்லர். ‘மன் லா யஹ்ளுருஹுத் தபீப்’, அதாவது ‘மருத்துவர் அருகில் இல்லாதவருக்கு’ என்னும் தலைப்பில் ஒரு கைநூலே எழுதினார். ‘ஏழைகளின் மருத்துவம்’ என்னும் பெயராலும் அது அறியப்படுகின்றது. தலை முதல் கால் வரை வரும் நோய்களுக்கு, கடைத்தெருவிலும் சமையலறையிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே பரிகாரம் கூறுவது அதன் நோக்கம். தன்னைத் தான் பேணுதல் என்பதை மருத்துவக் கல்வியின் ஓர் அங்கமாகவே அவர் கருதினார் என்பதற்கு இந்நூல் சான்று பகர்கின்றது.

அவருக்குப் பின் வந்த இப்னு ஸீனா (ஹி. 370–428 / கி.பி. 980–1037) ‘அல்-கானூன் ஃபித் திப்’ நூலின் முதற்பகுதியில், உடலைப் பேணும் முறைகளை விரிவாக ஆராய்கின்றார். கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸின் வழிநின்று, உழைப்பால் வரும் களைப்பை அவர் வகைப்படுத்துகின்றார். தொட்டால் புண்போல் எரியும் களைப்பு ஒன்று. நரம்பை இழுத்துக் கட்டியது போன்ற இறுக்கம் ஒன்று. வீங்கிச் சூடேறியது போன்ற களைப்பு ஒன்று. கைநோவு உள்ளோர் இன்று மருத்துவரிடம் கூறுவதும் எரிச்சல், இறுக்கம், வீக்கம் என்பவைதாமே! களைப்பு எல்லாம் ஒன்றேயன்று, வகையறிந்தே பரிகாரம் செய்ய வேண்டும் என்னும் அணுகுமுறை இன்றும் மதிக்கத்தக்கது.

‘தல்க்’ எனப்படும் தேய்த்துப் பிடித்துவிடும் முறையையும் அவர் நுணுக்கமாகப் பிரிக்கின்றார். வன்மையாகத் தேய்ப்பது உடலை இறுக்கும். மென்மையாகத் தேய்ப்பது தளர்த்தும். வேலைக்கு முன்னர் உடலை ஆயத்தப்படுத்தும் பிடிப்பு வேறு. வேலை முடிந்தபின் களைப்பைப் போக்கும் பிடிப்பு வேறு. களைத்த உடலுக்கு மென்மையும் எண்ணெயும் இளஞ்சூடான குளியலும் ஏற்றவை. பாபூனஜ் எனப்படும் சீமைச் சாமந்தியைக் களைப்புக்கு மிகப் பயனுள்ள மூலிகையாக அவர் போற்றுகின்றார். யூனானி ஹகீம்கள் இன்றும் பாபூனஜ் எண்ணெயைத் தேய்ப்புக்குப் பரிந்துரைப்பது இம்மரபின் தொடர்ச்சியாகும்.

நோவு தெரியும் இடமும் நோவின் மூலமும் வேறுவேறாக இருக்கலாம் என்பதையும் அம்மரபு அறிந்திருந்தது. ரோமாபுரியில் ஒருவருக்குச் சிறுவிரல், மோதிரவிரல், நடுவிரலின் பாதி ஆகியவை மரத்துப்போயின. மருத்துவர்கள் விரல்களுக்கே மருந்து பூசிப் பயனின்றிக் களைத்தனர். ஜாலீனூஸ் விசாரித்தபோது, அவர் வண்டியிலிருந்து விழுந்து கழுத்தின் கீழ்ப்பகுதியில் அடிபட்டிருந்தது தெரியவந்தது. மருந்து அங்கே இடப்பட்டதும் விரல்கள் குணமாயின. இந்நிகழ்ச்சி இடம்பெற்ற நூல் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் மொழிபெயர்ப்புக் குழுவின் வாயிலாக அரபு மருத்துவர்களின் கைகளுக்கு வந்து சேர்ந்திருந்தது.

ரமஸ்ஸினி முதல் தந்தி ஊழியர் வரை

எழுத்துத் தொழிலையும் கைநோயையும் நேரடியாக இணைத்து ஒரு தனி இயலே எழுதியவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமஸ்ஸினி (1633–1714) ஆவார். தொழிலாளர் நோய்கள் பற்றிய அவருடைய நூல் 1700இல் மொதேனாவில் வெளிவந்தது. எழுத்தர் பற்றிய இயல் 1713ஆம் ஆண்டின் விரிவாக்கப் பதிப்பில் சேர்ந்தது. நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, ‘உமது தொழில் என்ன?’ என்னும் கேள்வியையும் சேர்க்க வேண்டுமென வற்புறுத்தியவர் அவரே.

எழுத்தரின் நோய்களுக்கு மூன்று காரணங்களை ரமஸ்ஸினி கண்டார். ஓயாது அமர்ந்திருத்தல் முதலாவது. கை எப்போதும் ஒரே திசையில் இடைவிடாது அசைதல் இரண்டாவது. பிழை நேராதிருக்க மனம் கொள்ளும் இறுக்கம் மூன்றாவது. வாழ்நாள் முழுவதும் எழுதிய ஓர் எழுத்தரின் வலக்கை தளர்ந்து செயலிழந்ததையும், அவர் இடக்கையால் எழுதப் பழகிய சிறிது காலத்தில் அக்கையும் அதே கதிக்கு உள்ளானதையும் அவர் எடுத்துக்காட்டுகின்றார். வேலையின் அளவைக் குறைக்காமல் கையை மட்டும் மாற்றுவதால் பயனில்லை என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலுவலகங்கள் பெருகின. எழுதத் தொடங்கியதும் விரல்கள் தாமாகவே இறுகிக்கொள்ளும் நிலையை 1830இல் சார்ல்ஸ் பெல் விவரித்தார். கட்டைவிரலின் அடியில் தசைநாண் உறை தடித்து வலிப்பதை 1895இல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃப்ரிட்ஸ் டி கெர்வாய்ன் விளக்கினார். கைப்பேசியில் ஓயாது தட்டெழுதுவோருக்கும் குழந்தையைத் தூக்கித் தூக்கி வளர்க்கும் தாய்மாருக்கும் வரும் அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. தந்திச் சாவியைத் தட்டியோருக்கு ஏற்பட்ட கைப்பிடிப்பைப் பிரித்தானிய அரசு 1908இல் இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும் 1911இல் அதனை ஆராய்ந்த அரசுக் குழு, மீண்டும் மீண்டும் வரும் களைப்போடு ஊழியரின் நரம்புத் தளர்ச்சியையும் காரணமாகக் கூறியது. அதாவது, பழியில் ஒரு பங்கு நோயாளியின் இயல்பின் மீது சுமத்தப்பட்டது. இதே காலப்பகுதியில் அமெரிக்காவின் ஹொரேஸ் மார்ட்டின், பக்கவாட்டில் அசையும் ‘வைப்ரோப்ளெக்ஸ்’ என்னும் தந்திச் சாவியை உருவாக்கினார். புள்ளிகளை அதன் அதிரும் வில்லே எழுப்பியதால் கையின் அசைவுகள் வெகுவாகக் குறைந்தன. ஊழியரின் இயல்பைக் குறைகூறுவதை விடக் கருவியைத் திருத்துவது பயனளித்தது.

1980களில் ஆஸ்திரேலியாவின் அலுவலகங்களில் விசைப்பலகை இயக்குவோரிடையே கைநோவு பெருமளவில் தோன்றியபோது பழைய விவாதம் மீண்டும் எழுந்தது. இது மனத்தின் கற்பனை என ஒரு சாராரும், உடலின் உண்மையான பழுது என மறு சாராரும் வாதிட்டனர். பணிச்சுமை, மன அழுத்தம், கருவியின் அமைப்பு, உடலின் நிலை ஆகிய யாவும் இந்நோவில் பங்கு வகிக்கின்றன என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட நிலைப்பாடாகும். ரமஸ்ஸினி கூறிய மூன்று காரணங்களுள் மனத்தின் இறுக்கமும் ஒன்று என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

இன்றைய வீட்டுப் பராமரிப்பு

மேற்கூறிய வரலாற்றின் ஒளியில், வீட்டில் செய்யத்தக்கவற்றை இனித் தொகுத்து நோக்குவோம்.

முதலாவது, இடைவெளி. நோவு வந்தபின் ஒரு வாரம் ஓய்வெடுப்பதை விட, நோவு வருமுன் அரை மணிக்கொரு முறை இரண்டொரு நிமிடம் கையை விடுவிப்பது மேலானது. இந்த இடைவெளியில் கைப்பேசியை எடுப்பது ஓய்வாகாது. விரல்களை முழுமையாக விரித்து மூடுவதும், தோள்களைச் சுழற்றுவதும், எழுந்து நடப்பதும் போதுமானவை.

இரண்டாவது, கையின் நிலை. மணிக்கட்டு மேலோ கீழோ பக்கவாட்டிலோ வளையாமல் முன்கையோடு நேராக இருக்க வேண்டும். விசைப்பலகை முழங்கை உயரத்தில் அமைதல் நன்று. மேசையின் கூரிய விளிம்பில் மணிக்கட்டை அழுத்தி வைப்பதையும், பேனாவை இறுகப் பற்றுவதையும், விசைகளை ஓங்கித் தட்டுவதையும் தவிர்த்தல் வேண்டும். சற்றுத் தடித்த பேனா விரல்களின் இறுக்கத்தைக் குறைக்கும்.

மூன்றாவது, ஓய்வின் அளவு. நோவைத் தூண்டும் வேலையைச் சில நாள்கள் குறைக்க வேண்டும். ஆயினும் கையை முற்றாக அசைக்காமல் வாரக்கணக்கில் கட்டிவைத்தால் மூட்டு விறைத்துத் தசை மெலியும். நோவு தணியத் தணிய வேலையைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை.

நான்காவது, சூடும் குளிர்ச்சியும். புதிதாக வீங்கிய இடத்தில் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைப்பதும், பழகிய விறைப்புக்கு உப்பு ஒத்தடமோ வெந்நீர் ஒத்தடமோ கொடுப்பதும் இதம் தரும். இளஞ்சூடான நல்லெண்ணெய் கொண்டு மென்மையாகப் பிடித்துவிடுவதும் அவ்வாறே. இவை நோவைத் தணிப்பவை. காரணத்தை நீக்குபவை அல்ல. நீரிழிவு உள்ளோரும் விரல் மரத்தவர்களும் ஒத்தடத்தின் சூட்டை மற்றொருவரைக் கொண்டு சோதித்த பின்னரே வைத்துக்கொள்ள வேண்டும். உணர்வற்ற தோல் வெந்துபோவதைத் தாமாக அறிய இயலாது.

ஐந்தாவது, இரவுத் தாங்கி. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துத் தூக்கத்தைக் கலைத்தால், மணிக்கட்டினுள் நடுநரம்பு அழுத்தப்படும் ‘கார்ப்பல் டனல்’ நோயாக இருக்கலாம். மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் தாங்கியை உறங்கும்போது அணிவது இதற்குப் பலன் தரும் எளிய முறை. நீரிழிவு, தைராய்டுக் குறைவு, கர்ப்பகாலம் ஆகியவற்றிலும் இந்நோய் வரக்கூடும் என்பதால் எல்லாவற்றுக்கும் கணினியையே காரணமாகக் கருதிவிடலாகாது.

உள்ளுக்கு உண்ணும் மருந்துகளில் எச்சரிக்கை தேவை. மூட்டுநோவுக்கு யூனானி மரபு வழங்கும் ஸூரிஞ்ஜான் வலிமைமிக்கது. அளவு மீறினால் நஞ்சாவது. வலிநிவாரண மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்குவதும் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு விளைவிக்கும். மரத்துப்போதல் நீங்காமல் நிலைத்தாலும், பொருள்கள் கையிலிருந்து நழுவினாலும், கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்தாலும், காய்ச்சலுடன் மூட்டுச் சிவந்து வீங்கினாலும் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். வேறு எவ்விதக் கடுமையும் இல்லாத நோவு, ஒரு மாதப் பராமரிப்புக்குப் பின்னும் குறையாவிடில் அப்போதும் நாட வேண்டும். ஜாலீனூஸின் நோயாளியைப் போலக் கழுத்தில் இருக்கும் மூலத்துக்கு விரலில் மருந்து பூசிக் காலங் கடத்துதல் கூடாது.

உடலின் உரிமை

நம் சமுதாயத்துக்கும் எழுதும் கைக்கும் உள்ள உறவு தொன்மையானது. அரபுத் தமிழ் நூல்கள் பலவும் கல்லச்சில் வெளிவந்தவை. எழுத்துக் கோத்து அச்சிடும் முறையைப் போலன்றி, கல்லச்சு நூலின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு காத்திபு கையால் எழுதியாக வேண்டும். சென்னை திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கப்பெற்ற ‘முஸல்மான்’ உருது நாளிதழ், எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திபுகளின் கையெழுத்திலேயே வெளிவந்தது. அந்நூல்களை இயற்றியோரின் பெயர்களை நாம் அறிவோம். எழுதிக் கொடுத்த காத்திபுகளுள் பெரும்பாலோரின் பெயர்களையும் அவர்களின் கைகளுக்கு நேர்ந்ததையும் நாம் அறியோம்.

இரவெல்லாம் நின்று வணங்கி, பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு, அவருடைய உடலுக்கும் கண்களுக்கும் அவர் மீது உரிமை இருப்பதை நபி (ஸல்) அவர்கள் நினைவூட்டினார்கள். வணக்கத்திலேயே மிதம் பேணப்பட வேண்டுமென்றால், கல்விப் பணியும் வருமானத்துக்கான உழைப்பும் அவ்விதிக்குப் புறம்பானவையாக எங்ஙனம் இருக்க முடியும்?

அர்-ராஸியின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்ட ‘அல்-ஹாவி’ 1279இல் இலத்தீனுக்குச் சென்று ஐரோப்பிய மருத்துவத்தை வளர்த்தது. ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனம் 1955 முதல் அதன் அரபு மூலத்தை 23 பாகங்களாக வெளியிட்டது. எனினும் அவருடைய சாட்சியத்தைப் படிக்கும்போது, இருபதாயிரம் தாள்களை மட்டும் எண்ணிவிட்டுக் கைத்தசையைக் கடந்து செல்வது முறையாகாது. இரவு வெகுநேரம் வரை தேர்வுக்கு எழுதும் மாணவரிடமும், நாள் முழுவதும் கணினியில் தட்டெழுதும் ஊழியரிடமும், தையல் இயந்திரத்தின் முன்னும் அம்மியின் முன்னும் அமரும் பெண்களிடமும் ‘கை வலிக்கிறதா?’ என்று கேட்கும் பழக்கம் நம் வீடுகளிலும் பணியிடங்களிலும் ஏற்பட வேண்டும். வலிக்கிறது என்று அவர்கள் கூறினால், அதனைச் சோம்பல் எனத் தள்ளாமல் நம்பவும், வேலையைப் பகிர்ந்துகொள்ளவும் நாம் முன்வர வேண்டும். தம் கை தளர்ந்தபின் பிறரைக் கொண்டு எழுதுவித்த அர்-ராஸி அவ்வுதவியைச் சில ஆண்டுகள் முன்னதாகவே நாடியிருந்தால், அக்கை இன்னும் நெடுநாள் எழுதியிருக்கக்கூடும்.